ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர்

எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பத்துக்காக வாழ்ந்த ஒருவரை எப்படி நினைவுகூர்வது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். அறிமுகம் செய்துவைத்தவர் என்னை எழுத்தாளர் என்றார். அது கொஞ்சம் அதிகம். வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துபோனால் அவருக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவர வேண்டும் என்று சில குடும்பங்கள் நினைக்கும். நான் அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர் விட்டுப்போன தாள்களைப் புரட்டி, நாற்பது பக்க அளவில் ஒன்றைத் தொகுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை. இதில் அமைச்சர்களோ நடிகர்களோ வருவதில்லை. வேலைக்குப் போனார், வீட்டுக்கு வந்தார், பிள்ளைகளை ஆளாக்கினார் என்று இரண்டு வரியில் முடிந்துவிடுவதாகத் தோன்றும் மனிதர்கள்தான் வருவார்கள்.

போனதும் நான் கேட்பது, "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது. வரும் பதில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "ரொம்ப நல்ல மனுஷர்." அதற்குப் பிறகு மௌனம். ஒருவர் மேலே பார்ப்பார், இன்னொருவர் கைபேசியை எடுத்து மறுபடி கீழே வைப்பார். சொல்ல ஆசை இருக்கும், சொல்வதற்குப் பிடி கிடைக்காது.

ஒரு வீட்டில் மூத்த மகன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "சார், உண்மையைச் சொல்லணும்னா அவர் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலை. நீங்க எப்படி நாற்பது பக்கம் நிரப்பப் போறீங்கன்னு எனக்கே கவலையா இருக்கு."

நான் கேள்வியை மாற்றினேன். "பணம் கட்டவில்லை என்று பள்ளிக்கூடத்தில் உங்களை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறார்களா?" என்றேன். இல்லை என்றார். "கடனைத் திருப்பிக் கேட்டு யாராவது வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறார்களா?" இல்லை. "அவர் வீட்டுக்கு வரும் நேரம் நெருங்க நெருங்க, இன்று எந்த மனநிலையில் வருவாரோ என்று நீங்களும் அம்மாவும் பயந்தது உண்டா?" "சேச்சே, இல்லை." "அடுத்த மாதம் எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாமல் படுக்கப் போயிருக்கிறீர்களா?" இதற்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமானது. தலையை மட்டும் ஆட்டினார்.

"இத்தனை இல்லைக்கும் யாரோ தினமும் வேலை பார்த்திருக்கிறார்கள்" என்றேன்.

நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதுதான். குடும்பத்தைத் தாங்கிய மனிதருடைய சாதனை, பல விஷயங்கள் நடக்காமல் இருந்தது. நடக்காததைக் கதையாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அவரைப் பற்றிப் பேசும்போது நமக்கு வாய் அடைத்துப்போகிறது.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடப்பதை அது தனித்தனியாகச் சேர்த்துவைப்பதில்லை. எல்லாவற்றையும் உருக்கி ஒரே வார்ப்பாக ஆக்கிவிடும். ஓர் அப்பா பத்து வருஷம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார், கூட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 200 நாள் என்றாலும் 2,000 தடவை. அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதில் அதில் எத்தனை ஞாபகம் இருக்கும்? மூன்றோ நான்கோ. மழையில் நனைந்த நாள் ஒன்று, வண்டியிலிருந்து விழுந்த நாள் ஒன்று. அப்புறம் நிச்சயமாக, அப்பா வராமல் போன அந்த ஒரு நாள். 1,999 நாள் வந்தவருக்கு, வராத ஒரு நாள்தான் பெயர் வாங்கித் தருகிறது. அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

அந்த மூத்த மகனுக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. ஆறாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு மாலை. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், காவலாளி கேட்டைப் பூட்டி அவரை வெளியே உட்காரவைத்தார். நன்றாக இருட்டிய பிறகு அம்மாதான் வந்து கூட்டிப்போனார். அப்பா ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை, அப்பா சொல்லவும் இல்லை. "இதைப் போட வேணாம் சார்" என்றார். நானும் குறித்துக்கொள்ளவில்லை. மறக்கவும் இல்லை.

இறந்தவரைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவது பழைய கலை. அது பெரும்பாலும் இந்த மாதிரி மனிதர்களை விட்டுவிட்டுத்தான் வளர்ந்தது. பொது ஆண்டுக்கு முன் 431இல், ஸ்பார்ட்டாவோடு நடந்த போரின் முதல் வருஷத்தில் இறந்தவர்களுக்காக ஏதென்சில் அந்நகரத் தலைவர் பெரிக்ளீஸ் பேசிய பேச்சை இன்றும் உலகம் படிக்கிறது. வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்தது. நகரத்தின் பெருமை, சட்டத்தின் பெருமை, வீரத்தின் பெருமை எல்லாம் அதில் இருக்கிறது. புதைக்கப்பட்டவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. இரண்டாயிரத்து நானூறு வருஷமாகப் புகழப்படும் நினைவுரையில் யாரை நினைக்கிறோம் என்பது மட்டும் கிடையாது!

ரோமில் வேறு மாதிரி. அங்கே இறந்தவரின் மகனோ நெருங்கிய உறவினரோ மக்கள் கூடும் மன்றத்தில் ஏறி நின்று பேசுவார். பெரிய குடும்பங்களில் முன்னோர்களின் மெழுகு முகமூடிகளை அணிந்தவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பேச்சை எழுதிப் பத்திரப்படுத்தியும் வைத்தார்கள். அதில் என்ன ஆனது என்றால், நடக்காத வெற்றி ஊர்வலங்களும் வகிக்காத பதவிகளும் நுழைந்துவிட்டன. இந்தப் பேச்சுகளால் வரலாறே பொய்யாகிப்போனது என்று ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோ புலம்பியிருக்கிறார். வரலாற்றாசிரியர் லிவியும் அதையே சொல்கிறார். ஆகவே நினைவுக் கூட்டத்தில் அளந்துவிடுவதற்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். நாம் ஆரம்பித்த பழக்கம் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தகப்பனை நினைப்பது எப்படி என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. புறநானூற்றில் 112ஆவது. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடி. பாரி யார்? முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தவன், வள்ளல்களில் ஒருவன் என்று எல்லோரும் பாடிய ஆள். அவன் பெண்கள் அதில் ஒன்றையாவது சொல்கிறார்களா என்று பாருங்கள். தேர் இல்லை, கொடை இல்லை, வீரம் இல்லை. போன மாதம் இதே வெண்ணிலாவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இதே நிலாவில் குன்றும் போய்விட்டது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். இப்படிப்பட்ட பாட்டுக்கு இலக்கணக்காரர்கள் கையறுநிலை என்று பெயர் வைத்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கை ஓய்ந்துபோன நிலை. உலகத்துக்கு அவன் வள்ளல். அந்தப் பெண்களுக்கு, அவன் இருந்தபோது நிலவு வேறு மாதிரி இருந்தது. வீட்டிலிருந்து வரும் சாட்சியம் இப்படித்தான் இருக்கும். அதைப் போய், "தங்கள் தந்தையார் தேர் ஈந்த வரலாற்றைச் சற்று விளக்குங்கள்" என்று கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

சரி, சாட்சிகளுக்கு வருவோம்.

நான் ஒரு வீட்டுக்குப் போனால் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசமாட்டேன். ஒன்றாக உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே அப்பா ஆகிவிடுவார். உண்மையில் மூத்த பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் ஒரே அப்பா இல்லை. மூத்தவருக்குக் கிடைத்தவர் இருபத்தெட்டு வயதுக்காரர். கையில் காசு இல்லை, பயம் இருந்தது, பயத்தைக் கோபமாகக் காட்டினார். கடைசிப் பெண்ணுக்குக் கிடைத்தவர் நாற்பதைத் தாண்டியவர். தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார், கேட்டதை வாங்கிக் கொடுத்தார். "அப்பா ஒரு தடவைகூடக் கை நீட்டினதில்லை" என்று சின்னவள் சொல்லும்போது பெரியவர் ஜன்னலைப் பார்ப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். இருவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு மனிதர் மாறியிருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த மாற்றம்தான் அவருடைய வரலாறு. முதல் பிள்ளையிடம் செய்த தவறைக் கடைசிப் பிள்ளையிடம் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டது சின்ன விஷயமா?

உடம்பே மாறுகிறது என்றும் ஒரு தகவல் உண்டு. பிலிப்பைன்சில் செபு என்ற இடத்தில் 624 ஆண்களைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்து, 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களுக்கு அளவு இன்னும் குறைவாக இருந்தது. "அவர் ரொம்ப மாறிட்டார்" என்று மனைவி சொல்வது வெறும் பேச்சு இல்லை, ரத்தத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் நினைவு மலரில் போட முடியாது, உங்களிடம் சொல்லலாம்.

வீட்டுக்குள் கேட்டு முடித்ததும் வெளியே போவேன். அங்கேதான் பெரும்பாலும் ஆச்சரியம் காத்திருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய நண்பர்களைவிட, அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் புதிய செய்தி நமக்கு வந்துசேர்கிறது என்பது அதன் சாரம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும் அல்லவா? அவர் பேசியது செய்தி பரவுவதையும் வேலை தேடுவதையும் பற்றி. என் வேலைக்கும் அது பொருந்துகிறது. தினமும் அவரோடு ஒரே பேருந்தில் போனவர், மாலை நடையில் கை மட்டும் அசைத்தவர், அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர், இவர்கள் சொல்வது குடும்பத்துக்கே புதிதாக இருக்கும். வீட்டில் வாயே திறக்காத ஒருவர், பேருந்தில் சிரிக்கவைக்கிற ஆளாக இருந்திருக்கிறார். அவர் மனைவிக்கு அதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. பிறகு கொஞ்சம் பொறாமைப்பட்டார்.

சமூகத்துக்கு ஒருவர் செய்ததைக் கேட்டால் எல்லோரும் பதவியைத்தான் சொல்வார்கள். தலைவராக இருந்தார், செயலாளராக இருந்தார். எந்தச் சங்கத்திலும் தலைவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிவைப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். இந்த அரங்கத்திலும் இன்றைக்கு ஒருவர் அடுக்கப்போகிறார். சாவி யாரிடம் இருக்கும்? உடம்பு சரியில்லாத உறுப்பினர் வீட்டுக்கு யார் போய் எட்டிப் பார்ப்பார்? நான் சொல்லும் மனிதர்கள் இங்கேதான் இருப்பார்கள். இவர்களைத் தேட நன்றியுரைகளைப் படித்துப் பிரயோஜனம் இல்லை. நோட்டுப் புத்தகங்களைப் படிக்க வேண்டும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றாரே அந்த மகன், அவருடைய அப்பா ஒரு சின்னச் சங்கத்தில் பதினேழு வருஷம் பொருளாளர். அந்தக் கணக்கு நோட்டுகளை வாங்கிவந்து படித்தேன். சுவாரசியமான வாசிப்பு என்று சொல்லமாட்டேன். வரவு, செலவு, கையிருப்பு. எல்லாம் ஒரே நீல மையில், சாய்வே இல்லாத எழுத்தில். ஆனால் படிக்கப் படிக்க ஓர் ஆள் தெரிய ஆரம்பிக்கிறார். எந்தக் கணக்கும் மாதக் கடைசியைத் தாண்டவில்லை. ஒரே ஒரு மாதம் பதினோரு நாள் தாண்டியிருந்தது. தேதியைப் பார்த்தேன், அவர் கடைசிப் பெண் பிறந்த மாதம். இன்னும் ஓரிடத்தில் மட்டும், கூட்டலுக்குக் கீழே, "வித்தியாசம் சரி செய்யப்பட்டது" என்று ஒரு வரி. யார் சரி செய்தார், எதைக்கொண்டு செய்தார் என்று எதுவும் இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு உழைத்தவர் என்று மேடையில் சொல்லும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் முகத்தைக் கவனியுங்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "எல்லாருக்கும் அவர் முழுசா கிடைச்சார். எங்களுக்கு மீதிதான் கிடைச்சுது." நள்ளிரவில் யார் கதவைத் தட்டினாலும் எழுந்து போன அப்பா. போகும் ஒவ்வொரு தடவையும், அன்று பிள்ளைகளுக்குச் செய்வதாகச் சொன்ன ஏதோ ஒன்று தள்ளிப்போனது. அந்த மகளுக்கு அப்பா மேல் அன்பு இல்லாமல் இல்லை. கணக்குத் தீராமல் இருந்தது. இதை மலரில் போடலாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அண்ணன்கள் வேண்டாம் என்றார்கள், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் போடவில்லை. இன்று வரை அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் மற்ற முப்பத்தொன்பது பக்கத்தையும் படிப்பவர்கள் நம்பியிருப்பார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றேன் அல்லவா, அதையும் பார்க்க வேண்டும். கரோலின் ரோசென்தால் என்ற கனடிய ஆய்வாளர் 1985இல் ஒரு விஷயத்தை எழுதினார். பல குடும்பங்களில் உறவுகளைக் கட்டிக்காக்கும் வேலை என்று ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலும் ஒரு பெண்தான் செய்கிறார் என்று. யாருக்கு எப்போது பிறந்தநாள், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, யாரை நேரில் போய் அழைக்க வேண்டும், இதெல்லாம் அவர் தலையில் இருக்கும். "அவர் யார் வீட்டு விசேஷத்தையும் விட்டதில்லை" என்று ஓர் ஆணைப் புகழ்கிறோம். அந்த விசேஷ நாளை ஞாபகம் வைத்திருந்தவர் யார்? நடுராத்திரி கதவு தட்டப்பட்டபோது அவர் போனார், சரி, வீட்டில் தூங்கும் பிள்ளைகளோடு இருந்தவர் யார்? அவருடைய நினைவைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உண்மையான குடும்பஸ்தர் உயிரோடு இருந்தால் அவரே இதைத்தான் முதலில் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் நான் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வரவில்லை. என் அப்பா இறந்தபோது நானே ஒரு மலர் எழுதினேன். அதுதான் என் முதல் மலர். இரவு பகலாக உட்கார்ந்து எழுதினேன். பொறுமையின் வடிவம், அமைதியின் உருவம், தன்னலம் அறியாதவர். அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணைத் திறந்து, "நல்லா இருக்குப்பா. யாரு இவரு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பொறுமையா, உங்கப்பாவுக்கா? ரயிலுக்குப் போக வேண்டிய நாள் வந்தால் வீட்டில் சண்டை இல்லாமல் ஒரு பயணம் கிளம்பியிருக்கிறோமா? நேரமாகிவிட்டது நேரமாகிவிட்டது என்று கத்தி, இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் அந்த இரண்டு மணி நேரமும் எல்லோரையும் சமாதானம் செய்துகொண்டிருப்பாரே. எதையாவது தூக்கிப் போட விட்டிருக்கிறாரா? உடைந்த குடையின் கம்பி வரைக்கும் எடுத்துவைப்பார், என்றாவது உதவும் என்று. ஒரு தடவைகூட உதவியதில்லை. அம்மா சொல்லச் சொல்ல, அப்பா அந்த அறைக்குள் வந்து நின்றார். என் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரியிலும் அவர் வரவில்லை. கம்பி குத்திக்கொண்டிருக்கும் அந்த அலமாரியில் இருந்தார்.

ஃபிரடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் இதைச் சோதனையாகவே காட்டியிருக்கிறார். கேம்பிரிட்ஜில், படிப்பவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வட அமெரிக்கப் பழங்குடிக் கதையைக் கொடுத்து, திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எழுதச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. வினோதமான பகுதிகள் உதிர்ந்தன. கதையில் இருந்த மரத்தோணி சாதாரணப் படகாக மாறிப்போனது. இறந்தவருக்கும் இதுதான் நடக்கிறது. சொல்லச் சொல்ல அவருடைய முண்டும் முடிச்சும் உதிர்ந்து, எல்லோருக்கும் பழக்கமான "நல்ல அப்பா" என்ற படகாகிவிடுகிறார். ஐந்து வருஷம் கழித்து எந்த வீட்டு அப்பாவும் எந்த வீட்டு அப்பாவாகவும் இருக்கலாம். குடைக் கம்பியை எழுதிவைக்காவிட்டால் அதுதான் முதலில் போகும்.

அதனால் சீக்கிரம் எழுதிவைக்கச் சொல்கிறேன். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னைத்தானே சோதித்து, 1885இல் மறதியை அளந்து எழுதினார். கற்றதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு மெதுவாகத்தான் குறைந்தது. அப்பாவின் நினைவு அர்த்தமில்லாத அசை இல்லை, அவ்வளவு வேகமாகப் போகாதுதான். ஆனாலும் சின்னச் சின்ன விவரங்கள் முதல் சில மாதங்களிலேயே கழன்றுவிடுவதை நான் பார்க்கிறேன். கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வார்? யாரை எந்தப் பட்டப்பெயரில் கூப்பிடுவார்? தும்மினால் எத்தனை தெருவுக்குக் கேட்கும்? மூன்று மாதத்துக்குள் கேட்டால் உடனே சொல்வார்கள். மூன்று வருஷம் கழித்துக் கேட்டால் "நல்ல மனுஷர்" மட்டும் மிச்சம்.

அவருடைய கைபேசியை அவசரப்பட்டு அழித்துப் புதிதாக்கி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கும். "பால்கனி விளக்கை அணைச்சியா?" என்று கேட்கும் நான்கு விநாடிக் குரல், பிற்பாடு எந்தப் புகைப்படத்தையும்விடப் பெரிதாகிவிடும். புகைப்படத்தில் அவர் போஸ் கொடுக்கிறார், விளக்கைப் பற்றிக் கேட்கும்போது அவராகவே இருக்கிறார்.

கேட்டால் துக்கம் கிளறிவிடுமே என்று பலர் தயங்குவார்கள். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, அவற்றை ஏறி முடித்துவிட வேண்டும் என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்துகொண்ட நோயாளிகளைக் கேட்டு. பிரிவில் வாடும் குடும்பத்தை வைத்து அல்ல. அது பிறகுதான் எல்லோருக்குமான ஏணியாக மாறியது. அதற்கும் முன்னால், 1917இல், போனவரிடமிருந்து மனம் மெல்ல மெல்லத் தன்னை விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று எழுதியவர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு. அவர் மகள் சோஃபி 1920இல் இறந்துபோனாள். ஒன்பது வருஷம் கழித்து, பிள்ளையை இழந்த ஒரு நண்பருக்கு எழுதுகிறார்: இறந்த என் மகளுக்கு இன்று முப்பத்தாறு வயது ஆகியிருக்கும், இந்த இடத்தை எதைக்கொண்டும் நிரப்ப முடியாது, நிரப்பினாலும் அது வேறாகவே இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி என்கிற பொருளில். விட்டுவிட வேண்டும் என்று கொள்கை எழுதிய மனிதர், அப்பாவாக உட்கார்ந்து செத்துப்போன மகளுக்கு வயது எண்ணிக்கொண்டிருக்கிறார்.

1990களில் ஆய்வாளர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இறந்தவரோடு உறவு முடிவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது, அது நோய் இல்லை என்று கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற மூவர் 1996இல் வாதிட்டார்கள். 1999இல் ஸ்ட்ரோபும் ஷுட்டும் வேறொன்றைக் காட்டினார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கிறார், அந்த ஊசலாட்டமே இயல்பானது என்று. அப்பாவை நினைத்து அழுத பெண், அரை மணி நேரத்தில் அவர் குறட்டையைச் செய்துகாட்டிச் சிரித்தால் அதில் தப்பு ஒன்றுமில்லை. நினைவுக் கூட்டத்தில் யாராவது சிரித்தால் திரும்பி முறைக்காதீர்கள். பெரும்பாலும் அந்த ஆளுக்குத்தான் அவரை நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்த மூத்த மகன் கதையை முடித்துவிடுகிறேன். மலர் தயாரானது. கூட்டத்தில் அவர் பேசினார், மூன்று நிமிஷம்கூட இருக்காது. நான் கேட்ட கேள்விகளையே வரிசையாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கடைசியில், என்னிடம் போட வேண்டாம் என்ற அந்த நாளையும் எப்படியோ சொல்லிவிட்டார். ஒரே ஒரு நாள் அப்பா வரவில்லை, ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு வயதானவர் எழுந்தார். சங்கத்தில் அப்பாவோடு இருந்தவர். "எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு வருஷக் கணக்கு. ஒரு தொகை இடிச்சுது. நாங்க எல்லாரும் விடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னோம். உங்கப்பா நகரலை. ராத்திரி ஒன்பது மணி வரை கூட்டிக்கூட்டிப் பார்த்தார். நடுவுல திடீர்னு எழுந்து, பையன், பையன்னு ஓடினார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கார், உங்கம்மா கூட்டிட்டுப் போயிருந்தாங்க. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்துட்டார்."

கூட்டம் சிரித்தது. மகனும் சிரித்தார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "கணக்கு சரியாச்சா?"

"அன்னைக்கு இல்லை. மறுநாள் காலையில வந்து, சரியாயிடுச்சுன்னு நோட்டை மூடி வச்சார். எப்படின்னு அவர் சொல்லலை."

நான் பையிலிருந்து அந்தப் பக்கத்தின் படத்தை எடுத்து மகனிடம் கொடுத்தேன்.